கால் நூறு என்றருளிய பிழைக்கு விடுத்த ஓலை

திரு நிலவுக. கல்வரை நாட்டின் முடிகள் ஓங்குக. அம்மலைக்கு உடையவராய், கொடுத்த சொல் மாறாதவராய் வீற்றிருந்தருளும் அரசியார் ஆம்பல்நங்கைப் பெருந்தேவியாரின் திருமுன்பு, கயலாற்று நாட்டு வேந்தர் தாழைக்கொற்றனார் சொல்லச் சொல்ல, ஓலைநாயகம் வெளியன் நக்கன் எழுதியது. மும்மாரி பொழிக என்று வாழ்த்தித் தொடங்குவதே இவ்வரண்மனை மரபு. இம்முறை, மாரி தங்கள் மலையில் மட்டும் பொழிந்து எங்கள் ஆற்றங்கரையில் சற்றே பொறுத்திருக்க வேண்டுமென்று வேந்தர் வாழ்த்தை மாற்றியருளினார். காரணம் கீழே வருகிறது. அது அவருக்குப் பெருமை தருவதன்று.

கயலாறு கரை மீறும்போதெல்லாம் ஆற்றூர் மக்கள் பிள்ளைகளைப் புளியமரக் கிளைகளில் கட்டிவைத்து உயிர் காப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவர்கள் ஏறி நிற்க மேட்டில் ஒரு கல்மண்டபம் எழுப்ப வேந்தர் துணை வேண்டியதும், கல்லும் தருவதாகச் சொல்லி, பெருந்தச்சர் மாசேந்தனாரையும் அனுப்ப இசைந்தீர்கள். மண்டபத்தின் அளவை ஓலையில் தீட்டி விடுப்பதே முறை என்று அமைச்சர் விண்ணப்பித்தார். வேட்டைக்குப் புறப்பட்டு, குதிரையேற ஒரு பாதத்தை அங்கவடியில் வைத்திருந்த வேந்தரோ, தம் வாய்ச்சொல் போதாதோ என்று சினந்து, கால் நூறு என்று மட்டும் தூதருக்கு உரைத்துக் குதிரையைத் தட்டிவிட்டார். தூதர் ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் அதைத் தங்கள் அவையில் ஒப்பித்தார். மண்டபத்துக்குக் கால் என்றால் தூண், ஆகத் தூண் நூறு என்பது வேந்தரின் உள்ளக்கிடக்கை. நூற்றில் கால், இருபத்தைந்து என்பது மாசேந்தனார் கொண்ட பொருள்.

ஆற்றங்கரைக்குப் பணி காண வந்த வேந்தர், யானைக்கால் பருமனில் இருபத்தைந்து தூண்கள் கிடப்பதையும் அவற்றுக்குத் தோண்டிய குழிகளையும் கண்டார். மண்டபத்தின் முக்கால் பங்கை விழுங்கியது கல்வரை நாடா, அதன் தச்சனா என்று ஊரார் செவியில் விழ முழங்கினார். தமக்கு வந்த சொல் அவ்வளவே என்று மாசேந்தனார் பணிந்து சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அளவெடுக்கும் முழக்கோலைத் தச்சர் கையிலிருந்து பறித்தார். கோல் பறிக்கப்பட்ட தச்சர் அந்நிலத்தில் நீரும் பருகார் என்பது தங்கள் மலைவழக்கம். அதை அறிந்தே பறித்ததாக எழுதும்படி வேந்தரே கட்டளையிட்டார். சொல்லைச் சற்று மெழுகப் பார்த்த எழுத்தாணியையும் தடுத்தருளினார். மாசேந்தனார் உச்சிவெயிலில் நடந்தார். உடன் வந்த தச்சர்கள் உளிகளை மூட்டை கட்டிக்கொண்டு பின்னே சென்றார்கள். அவர்களுக்காக வடித்த சோறு அப்படியே கிடந்தது.

பின்பு கொற்றவை விழா வந்தது. எத்தனை விளக்கு ஏற்றுவது என்று கோயிலார் கேட்க, கால் நூறு போதும் என்று வேந்தர் திருவாய் மலர்ந்தார். இருபத்தைந்து விளக்குகள் எரிந்தன. நிறைவோடு அசைந்த அவர் தலை பாதியில் நின்றது. தம் நாவில் என்றும் இருபத்தைந்தாக இருந்த சொல், ஒரு வேட்டை அவசரத்தில் மட்டும் நூறாகிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். வேந்தருக்குத் தம் வாயே தெரியாமல் போயிற்று. கூசிக் குறுகி, வழிபாடு முடியுமுன் எழுந்து போனார். அன்றுமுதல் ஊரார் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருக்கிறது. அரியணையில் முள்மேல் இருப்பவர்போல் நெளிகிறார். கண்ணால் கண்டவனே இதை எழுதுகிறான்.

இப்போது ஆற்றின் தலைமாட்டில் கருமேகம் கூடிவிட்டது. குழிகள் வாய் திறந்து கிடக்கின்றன. நீர் புகுந்தால் மண் சரியும். இவ்வாண்டும் பிள்ளைகளைக் கிளையில்தான் கட்டவேண்டும். தூண் குறைந்தால் நடுவிடம் அகலும், ஆடுமாடுகளோடு படுக்கலாம், நல்ல தச்சரை விரட்டிவிட்டாரே என்று ஆற்றூர்ப் பெண்கள் வேந்தரின் காதுபடவே பேசுகிறார்கள்.

ஆகையால் வேந்தரின் ஆணை யாதெனில்: மண்டபம் மாசேந்தனார் வகுத்தபடியே எழுக. இனி எந்த அளவும் ஓலையிலன்றி ஏவப்படாதொழிக. வேந்தன் சொல் பிழைத்தது, தச்சன் செவி பிழைக்கவில்லை என்று முதல் தூணில் வெட்டுக. பறித்த கோலைத் தூதர் கையில் அனுப்புவது தகாது என்பதால், தங்கள் ஊரார் காணக் கொடுக்க வேந்தர் தாமே அதை ஏந்தி வருகிறார். மாசேந்தனார் கை நீட்டி வாங்கும்வரை வேந்தர் தங்கள் வாயிலில் நிற்பார். அதுவரை உள்ளே அழைத்தருள வேண்டாமென்று தங்களை இறைஞ்சுகிறார்.

தாழம்பூ இலச்சினை பொறித்து, எழுத்துப்பிழைக்கு நக்கனும் சொற்பிழைக்கு வேந்தரும் பொறுப்பென்று இவ்வோலை முடிந்தது. முடிந்தபின் வேந்தர் சேர்க்கச் சொன்னது: அவர் காலால் வருகிறார். இம்முறை அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே. தேருமில்லை, குதிரையுமில்லை, செருப்புமில்லை.