குற்றாலத் தண்ணீரும் என் பி.டி. சீட்டும்

அண்ணே,

நேற்று உங்கள் படத்திறப்பில் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது இப்போது நாற்காலி முதுகில் கிடக்கிறது. பாச்சை உருண்டை வாசம் அறை முழுக்க அடிக்கிறது. உங்கள் ஜவுளிக்கடையில் எடுத்ததாகத்தான் இருக்கும். அந்த வாசத்தோடுதான் தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் நுழைவீர்கள். காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பொன்னாடை எதற்குத் தெரியுமா? வியாபாரிகள் கூட்டங்களில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்காருவாரே, அந்தப் பெரியவர்தான் தலைமை. அவர் மைக்கைப் பிடித்து, தென்காசியில் பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்கத் தயங்கிய காலத்தில் தன் தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பி.டி.யில் சேர்த்த உத்தமர் என்று உங்களைப் பற்றிப் பேசினார். கூட்டம் கைதட்டியது. மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்தினார்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று வேறு என்ன செய்ய முடியும்?

ஆனால் இங்கே படம் இல்லை, மாலை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பி.டி. என்றால் என்னவென்றே உங்களுக்குக் கடைசிவரை சரியாகத் தெரியாது. 'வாத்திச்சி பரீட்சை' என்றுதான் சொல்வீர்கள். பட்டம் வாங்கியவர்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஆசிரியராக வேண்டுமென்றால் ஒரு வருஷம் டிரெயினிங் காலேஜில் படித்துப் பல்கலைக்கழகத்தில் வாங்க வேண்டிய பட்டம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, நம் ஊர்ப் பெண்கள் பள்ளியில் தற்காலிகமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பி.டி. இல்லாமல் அடுத்த வருஷம் வைத்துக்கொள்ள முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அப்பா போன பிறகு வீட்டில் உப்பு வாங்குவதற்கும் உங்கள் தலை ஆட வேண்டும். விண்ணப்பத்தில் கார்டியன் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியபோது, அதைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"பொம்பளப் பிள்ள கணக்குச் சொல்லிக் குடுத்து என்ன ஆகப் போகுது? சரி, சீட் கெடச்சா படி. கெடைக்கலைன்னா ஆவணியில வடகரைக்காரனுக்குக் கழுத்த நீட்டணும். அப்புறம் மறுபேச்சு இருக்கப்படாது."

வடகரைக்காரருக்குத் தென்னந்தோப்பு இருந்தது, வயல் இருந்தது, முதல் மனைவி செத்துப்போன வீடும் இருந்தது. அவரைத் தப்பாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் கரும்பலகை கிடையாது. எனக்கு அது இல்லாமல் ஆகாது. சரி என்றேன். கையெழுத்துப் போட்டீர்கள்.

இண்டர்வியூவுக்குக் கார்டு வந்தது ஆனி மாசத்தில். சாரல் ஆரம்பித்து வீடு நிறைந்திருந்த நேரம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் வருகிற சோதனை அது. மெட்ராஸ் சித்தப்பா குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியிருந்தது. மதினிக்கும் எனக்கும் அடுப்பை விட்டு நகர நேரமில்லை. உங்களுக்கோ அதுதான் திருவிழா. ஜவுளிக்கடை முதலாளி என்கிற வேஷத்தைக் கழற்றிவைத்துவிட்டு வைத்தியர் வேஷம் போட்டுக்கொள்வீர்கள். வாதத்துக்கு ஐந்தருவி, பித்தத்துக்குப் பேரருவி, புத்தி தடுமாறினவர்களுக்குச் செண்பகாதேவி. ஒவ்வொருவருக்கும் நாடி பிடிக்காத குறையாக அருவி எழுதிக்கொடுப்பீர்கள். எல்லாவற்றுக்கும் மேல் உங்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு. குற்றாலத் தண்ணீரில் எத்தனை நேரம் நின்றாலும் சளி பிடிக்காது. அதை நீங்கள் மட்டுமா சொன்னீர்கள், தென்காசியும் மேலகரமும் இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இண்டர்வியூவில் ஐந்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று கார்டில் இருந்தது. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கிணற்றடியில் உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அதிலேயே தொண்டை லேசாகக் கரகரத்தது. முந்தின நாள் காலை எல்லோரும் அருவிக்குக் கிளம்பியபோது நான் வரவில்லை என்றேன். தொண்டை சரியில்லை, நாளைக்குப் பேச வேண்டியிருக்கிறது, சளி பிடித்தால் காரியம் கெட்டுவிடும் என்று மெதுவாகத்தான் சொன்னேன். சித்தப்பா காதில் விழுந்துவிட்டது. "அப்ப சளி பிடிக்குமோ?" என்று அவர் துண்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். உங்கள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். விருந்தாளி முன்னால் உங்கள் வைத்தியத்தில் கை வைத்துவிட்டேன்.

"ஏட்டி, குத்தாலத் தண்ணியில சளி பிடிக்கும்னு இந்த ஊர்ல சொன்ன மொத ஆளு நீதான். மூலிகையில ஊறி வருத தண்ணி அது. எண்ணெயத் தேச்சிட்டு வண்டியில ஏறு."

ஏறினேன். பேரருவியில் பெண்கள் பக்கம் நிற்க இடமில்லாத கூட்டம். தண்ணீர் அன்றைக்குத் தாராளமாக விழுந்தது. சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. திரும்பும்போது ஈரப் புடவையோடு குதிரை வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தேன். மேலகரம் தாண்டும்வரை சாரல் காற்று முதுகில் அடித்தது. நீங்கள் முன்னால் உட்கார்ந்து சித்தப்பாவிடம் தண்ணீரின் குணத்தை விளக்கிக்கொண்டு வந்தீர்கள். சாயங்காலம் விளக்கேற்றும்போது மதினி ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

மதினி பயந்துபோய்ச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தார். டம்ளர் என் கைக்கு வருவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். கூடத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

"சளியே பிடிக்காதவளுக்கு எதுக்குக் கஷாயம்? பயத்துல குரலு உள்ள போயிருக்கு. காலையில வந்துரும். அதக் கொண்டு கொட்டு."

மதினி கொட்டினார். கொட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணே, அருவிக்கு இழுத்துப்போனதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அது உங்கள் நம்பிக்கை. ஆனால் ஒரு டம்ளர் கஷாயம் உள்ளே போனால் உங்கள் வாக்குப் பொய்யாகிவிடும் என்று, என் ஒரு வருஷத்தை, என் வாழ்க்கையை, அங்கணத்தில் கொட்டச் சொன்னீர்களே, அதை நான் மன்னிக்கவில்லை.

காலை ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து பஸ்ஸில் பாளையங்கோட்டை. டிரெயினிங் காலேஜ் கன்னியாஸ்திரீகள் நடத்துவது. என் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்தேன், நீங்களும் எழுந்தீர்கள். மற்றப் பெண்களின் அப்பாமார் வராந்தாவில்தான் நின்றார்கள். நீங்கள் மட்டும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு என்னோடு உள்ளே வந்து, எனக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் நின்றேன். எதிரே பிரின்சிபால் மதரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். மதர் என் பெயரைக் கேட்டார். என் தொண்டையிலிருந்து கதவு கிறீச்சிடுகிற ஒரு சத்தம் வந்தது. நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள். எந்தக் காலேஜ் என்று கேட்டார். நீங்கள் சொன்னீர்கள். ஏன் ஆசிரியர் வேலைக்கு வர ஆசைப்படுகிறாய் என்று கேட்டார். அதற்கும் நீங்களே பதில் சொன்னீர்கள், கல்யாணம் ஆகிறவரைக்கும் ஒரு பொழுதுபோக்கு என்று. எந்தப் பாடம் என்றதற்கு நீங்கள் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"எதுனாலும் குடுங்கம்மா. தையல்னாலும் சரி."

மதர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "விண்ணப்பம் போட்டது நீங்களா, உங்கள் தங்கையா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை. வெளியே இருங்கள் என்றார். பெண் பிள்ளைக்குத் துணைக்கு என்று ஏதோ இழுத்தீர்கள். மறுபடியும் வெளியே இருங்கள் என்றார். ஊரில் யாரும் உங்களிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பேச முடியாவிட்டால் அடுத்த வருஷம் வா என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னார். அடுத்த வருஷம் நான் வடகரையில் இருப்பேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபம் அதைவிட வேகமாக வந்தது. கேட்காமலே கரும்பலகைக்குப் போய்ச் சாக்கட்டியை எடுத்தேன். மூன்றையும் நான்கையும் கூட்டி வர்க்கம் எடுத்தால், மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தது என்று எழுதினேன். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பு அது. ஒரு பக்கத்துக்கு நேரே நாற்பத்தொன்பது என்றும் மறுபக்கத்துக்கு நேரே இருபத்தைந்து என்றும் போட்டேன். பிறகு பக்கம் ஏழு உள்ள ஒரு சதுரம் வரைந்து, அதற்குள் மூன்றுக்கும் நான்குக்கும் உரிய சின்னச் சதுரங்களைக் கோடிட்டேன். சாக்கட்டியை மதரிடம் நீட்டிவிட்டுச் சும்மா நின்றேன்.

அப்புறம் மதர் எழுந்துவந்து, விட்டுப்போன இரண்டு நீள்சதுரங்களையும் சாக்கட்டியால் தேய்த்து நிரப்பினார். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டு, பிள்ளைகள் விடை கண்டுபிடித்தால் பார்ப்பார்களே, அந்த மாதிரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

திரும்பும்போது ரயில் அம்பாசமுத்திரத்தில் நின்றது. நீங்கள் இறங்கிப்போய் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு வாங்கிவந்து என் மடியில் போட்டீர்கள். "வாயில போட்டுக்கோ. சளிக்குன்னு இல்ல. சும்மாதான்" என்றீர்கள். தூக்கி ஜன்னல் வழியாக எறியத்தான் நினைத்தேன். தொண்டை எரிந்துகொண்டிருந்தது. போட்டுக்கொண்டேன். நீங்கள் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக உங்களை மன்னிக்கலாமா என்று அடுத்த சில நாட்கள் பலமுறை யோசித்தேன். யோசனை முடிவதற்குள் அடுத்ததைச் செய்துவிட்டீர்கள்.

கணக்குப் பாடத்துக்கு சீட் கிடைத்துவிட்டது என்று கார்டு வந்த அன்று, வாசலில் நின்று தெருவுக்கே வாசித்துக் காட்டினீர்கள். முந்தின நாள் அருவியில் தலையைக் காட்டிவிட்டுப் போனதால் கிடைத்த சீட் என்றீர்கள். தண்ணீரின் மகிமையாம். எனக்கு அப்போதும் குரல் திரும்பவில்லை, மறுத்துப் பேச வழியில்லை. அதற்குப் பிறகு ஊரில் யார் எந்த இண்டர்வியூவுக்குப் போனாலும் முந்தின நாள் உங்கள் தலைமையில் குற்றாலத்துக்குப் போவது வழக்கமாயிற்று. கிடைத்தவனுக்குத் தண்ணீர் வாங்கிக்கொடுத்தது. கிடைக்காதவன் சரியாகத் தலையைக் காட்டியிருக்கமாட்டான். எப்படிப் போட்டாலும் உங்கள் கணக்கு மட்டும் தப்பாது.

என் குரல் சில வாரங்களில் வந்தது. முழுசாக வரவில்லை. கோயிலில் தேவாரம் பாடுவேனே, அது போயிற்று. மேலே எடுத்தால் பிசிறடிக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் என்னைத் தொண்டைகட்டு டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. ஒருநாள் உங்களிடம் இதைச் சொன்னேன். சின்ன வயசிலிருந்தே உனக்குக் குரல் அப்படித்தான் என்றீர்கள்.

நேற்று விழா முடிந்து எல்லோரும் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கலைகிற நேரத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். கடையநல்லூர்ப் பிள்ளை, என்னிடம் படித்தவள். பட்டம் வாங்கிவிட்டு பி.டி.க்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம், வருகிற வாரம் இண்டர்வியூ.

"பெரிய மொதலாளி இருந்தா அவுகளே கூட்டிட்டுப் போயிருப்பாக. நீங்க என்னைய அருவிக்குக் கூட்டிட்டுப் போவீகளா டீச்சர்?"

"போகாத. சளி பிடிக்கும்" என்றேன்.

என் கட்டைக் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, கொஞ்சம் அழுத்திச் சொன்னால் கூடம் முழுக்கக் கேட்கும். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தலைமை தாங்கிய பெரியவர் உங்கள் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சாமி இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார். மதினி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அந்தப் பிள்ளை சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் போய்க் குளிப்பாள் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற என் பேச்சைவிடச் செத்துப்போன உங்கள் பேச்சுக்குத்தான் இந்த ஊரில் மதிப்பு.

பழசையெல்லாம் விட்டுவிடு, போனவரோடு என்ன கோபம் என்று மதினி ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னார். விடமாட்டேன் அண்ணே. சீட் தண்ணீர் வாங்கிக்கொடுத்தது என்று ஆயிற்று. என்னைப் படிக்கவைத்தது நீங்கள் என்று நேற்று மைக்கிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நாளில் எனக்கென்று மிஞ்சியது இந்தக் கோபம் ஒன்றுதான். ஊருக்குத் தெரியாமல் நானே வைத்துக் காப்பாற்றுகிறேன். என்றாவது ஒருநாள் உங்களை எதிரே உட்காரவைத்து, சளி பிடித்தது என்று உங்கள் வாயால் சொல்லவைக்க வேண்டும் என்றிருந்தேன். அதற்கும் நிற்காமல் போய்விட்டீர்கள்.