குனிந்தால் நகரும் எலும்பு

நாரின்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் எர்மெக்குக்கு,

நானும் அம்மாவும் நலம். யாகுத்ஸ்க் குளிரில் நீயும் நலமாயிருக்க வேண்டுகிறோம். உன் மனைவி நலம் என்று மட்டும் எழுத முடியவில்லை. மருத்துவர் ஜிபெக் இன்று காலை என்னிடம் நேரில் சொன்னது இது: சைக்கால் குனியும்போது இடுப்புப் பகுதியில் முதுகெலும்பின் ஒரு கண்ணி இடம் நகர்கிறது. வயிற்றுப் பிள்ளைக்குக் குறை ஒன்றுமில்லை.

முற்றத்துப் பனிக்கட்டியில் அவள் வழுக்கி விழுந்ததை அம்மா உனக்குச் சொன்னாள். பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தியை உடனே சொல்ல நம் வீட்டில் யாருக்கு மனம் வரும்? ஆறு மாதக் கர்ப்பம், எக்ஸ்ரே வேண்டாமென்று எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். எலும்பு இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் படுத்து எடுத்த படம் அசைவைக் காட்டாது, எனவே எழ வேண்டாம் என்றார் ஜிபெக். வீட்டுக்கு வந்து சேர்ந்தது அவர் சொன்னதில் முதல் பாதி மட்டும். உமுசுனை அத்தை ஆடு அறுக்கச் சொல்லி, தெருவையே விருந்துக்கு அழைத்துவிட்டாள். "டாக்டரே சொல்லியாச்சு, இனியும் என்னடி படுக்கை? வந்து நம்ம வழக்கப்படி பெரியவங்களை மூணு தரம் குனிஞ்சு வணங்கு" என்றாள். வேண்டாமென்று அம்மா தடுத்ததற்கு, "மூணு தரம் குனிஞ்சா முதுகு முறிஞ்சா போயிடும், அத்தை?" என்று சைக்கால் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாவது வணக்கத்தில் நிமிரவில்லை. கால்கள் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது காலில் இன்னும் உணர்வு திரும்பவில்லை.

இன்று பிள்ளையைப் பார்க்கும் அதே ஸ்கேன் கருவியை ஜிபெக் அவள் முதுகில் வைத்து, இரண்டு செவிலியர் தாங்க, மெல்லக் குனியச் சொன்னார். நானும் திரையைப் பார்த்தேன். முதலில் வயிற்றில் வைத்தபோது பிள்ளையின் முதுகெலும்பு, மணி கோத்ததுபோல நேராக. அடுத்து அவளுடையது, ஒரு மணி முன்னே வழுக்கிப் போய்த் திரும்பியது. "பாத்தீங்களா மாமா, உங்க பேரப்பிள்ளை என்னைவிட ஒழுங்கா உக்காந்திருக்கு, அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

உமுசுனை அத்தையைத் திட்டி எதுவும் பேசாதே. விருந்தன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சைக்காலிடம் காலைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவளே சொல்லட்டும். கையுறை இல்லாமல் வேலைக்குப் போகாதே. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

உட்காரவைத்துப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி அல்மாட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவளை அங்கே கொண்டுபோகிறோம். நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை பிரசவம்வரை பொறுக்குமா, பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டுமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உன் தொலைபேசிக்கு அனுப்புகிறேன்; அன்று மாலை அதைக் கையிலேயே வைத்திரு.

உன் அப்பா,
சாதிபெக்