முதல் கரண்டி

சிஞ்ஞோரே,

இன்று காலை பாரிசிலிருந்து உங்கள் வியட்நாம் சிநேகிதர் அனுப்பிய பொதி வந்தது. பிரிக்கும் முன்பே மணம் வந்துவிட்டது. உங்கள் சூப்பில் அவர் ஊற்றுவாரே, நெத்தலியை உப்பிலிட்டு வடித்த அதே சாறு. எனக்கு அது மன்னார்க் கருவாட்டு வாடியின் மணம். நீங்கள் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. இனி எனக்கு ஏன் அனுப்புகிறார் என்றுதான் முதலில் யோசித்தேன். என் புத்தி அப்படி.

வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் இருந்த உங்கள் வீட்டில், உங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்த வருடம்தான் அவரைக் கண்டேன். ஒரு காலை இழுத்து இழுத்து நான்கு மாடி ஏறி வந்தார். இதே பலெர்மோவில் பிறந்து, பிள்ளையாக அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அவர்களுடைய சிப்பாயாக வியட்நாமில் நின்றவர் நீங்கள்; அங்கே ஆற்றுக்கு அக்கரையில் உங்களுக்கு எதிராக நின்றவராம் அவர். அந்தக் காலில் பாய்ந்தது யாருடைய குண்டு என்று இருவருக்கும் தெரியாதாம். சண்டை முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு, பழைய சிப்பாய்கள் கூடிய இடத்தில் அறிமுகமாகி, வருடத்துக்கு ஒருமுறை வந்து உங்களுக்குச் சூப் வைத்துத் தருவாராம்.

இதை நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நான் சிரிக்கவில்லை. என் கணவரிடம் சொன்னேன். "காலிலை வெடிபட்டவன் சூப் வைக்கவோ இவ்வளவு தூரம் வாறான்? கவனமா இரு" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். சின்ன வயதில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் நீட்டிய பிஸ்கட்டை அம்மா என் கையிலிருந்து தட்டிவிட்டார். தருபவன் முதலில் தின்னட்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஆகவே அவர் சூப்பை ஊற்றிவைத்துவிட்டுக் கைகழுவப் போன நேரம், உங்கள் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தேன். திரும்பினால் குசினி வாசலில் நிற்கிறார். அதே கோப்பையில் ஒரு கரண்டி அள்ளி, என்னைப் பார்த்தபடியே விழுங்கினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர் போன பின் ஏசுவீர்கள் என்று நினைத்தேன். "முதல் வருடம் அவர் விழுங்கும்வரை நானும் கரண்டியைத் தொடவில்லை" என்றீர்கள். பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பசித்தது" என்றீர்கள்.

உங்களிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. சீசாப் பகுதியில் எங்கள் மேல்வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். கணவர் முன்பு ஆமியில் இருந்தவர். மனைவி குசுமா ஒவ்வொரு சித்திரைப் புதுவருடத்துக்கும் பாற்சோறு கொண்டுவருவார். சிரித்த முகத்தோடு வாங்கி, கதவைச் சாத்தி, குப்பையில் போட்டுவிடுவேன். ஐந்து வருடமாக இப்படித்தான்.

இன்று புதுவருடம்; மத்தியானம் வழக்கம்போல் தட்டோடு வந்தார். வீடெல்லாம் உங்கள் சாறு மணத்தது. உள்ளே கூப்பிட்டு இருத்தி, தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கரண்டிகளை வைத்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவான இத்தாலியனில், முதலில் நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. ஒரு வாய் விழுங்கிவிட்டுச் சொன்னார்: "கீழே குப்பைத் தொட்டியில் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும்."

நானும் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூடுதல்.

இன்னும் முழுதாக நம்பவில்லை, சிஞ்ஞோரே. ஆனால் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதும் எங்கள் வீட்டுச் சட்டம்தான். நாளை மீன்குழம்பு வைத்துக்கொண்டு மேலே போகிறேன். அவர் கணவருக்கு முன்னால், முதல் கரண்டியை நான்தான் விழுங்க வேண்டும்.