ஒரு நூல் விலகிய துளைகள்

என் கைப்பையில் உங்கள் வீட்டின் மர ஆணி ஒன்று இருக்கிறது. விரல் நீளம், நடுவில் வளைந்தது. பையைத் திறந்தால் மூக்குக்கண்ணாடி கைக்கு வருமுன் தேக்கு வாசனைதான் வருகிறது.

மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தோமே, அப்போது அவள் நம்மை ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துப் போனாள். கறுத்த மரச்சட்டங்கள், நடுவே வெள்ளைச் சுவர், தெருவை எட்டிப் பார்க்கும் மாடி. பாரமெல்லாம் சட்டத்தின் மேல், சுவர் வெறும் அடைப்பு, இரும்பு ஆணியே கிடையாது என்று அறிந்ததும், மழையில் நனைந்தபடி மூலைத் தூணைத் தடவிக்கொண்டே நின்றீர்கள்.

"அம்மணி, இது ஊடே இல்லீங்க. கட்டிலு. கழட்டி வேற எடத்துல மாட்டிக்கலாம்."

"அந்தக் கட்டில்ல வெள்ளக்காரன் படுத்துக்கட்டும். நீங்க மொதல்ல குடையப் புடிங்க."

ஊர் திரும்பியதும் பழைய மில் ஒன்றின் கூரையிலிருந்த தேக்கு உத்திரங்களை வாங்கி, கோவையில் அதே போல ஒன்றைக் கட்டத் தொடங்கினீர்கள். தூணின் குழியில் விட்டத்தின் நாக்கைச் செருகி, இரண்டையும் துளைத்து மர ஆணி அடிக்க வேண்டும். அந்த இரண்டு துளைகளும் நேர்படாமல் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், விலகியிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"ஏனுங்க, ஆசாரிக்குக் கண்ணு தெரியலீங்களா? எங்க கான்வென்ட் சிஸ்டர் பாத்திருந்தா ஸ்கேல்லயே போட்டிருப்பாங்க."

"வேணும்னேதாங்க அம்மணி. நேரா இருந்தா ஆணி சும்மா நிக்கும். கொஞ்சம் தள்ளியிருந்தாத்தான் ரெண்டையும் இழுத்துப் புடிக்கும். நம்மளையே பாத்துக்குங்க."

ஆசாரி சிரிப்பை மறைக்க இழைப்புளியைத் தேடினார்.

நீட்டிய மாடியின் நிழலில் கீழ்ச்சுவர் சித்திரையிலும் குளிர்ந்திருந்தது. ஆடிக் காற்றில் சட்டங்கள் முனகும். நீங்கள் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை அதுதான்.

இந்த வருடம் பைபாஸ் சாலைக்கு நம் மனையை எடுத்துக்கொண்டார்கள். "இடிச்சுட்டுப் போறாங்க, உடுங்கம்மா. ஒரு ஃப்ளாட் பாத்துக்கலாம்" என்றாள் மகள் போனில். கட்டிலை யாராவது இடிப்பார்களா என்று கேட்டேன். ஒவ்வொரு சட்டமாகக் கழற்றி, பொள்ளாச்சியில் இருக்கும் நம் தோப்புக்கு லாரியில் ஏற்றினோம்.

நேற்று அங்கே முதல் சட்டத்தை நிறுத்தினார்கள். மூலையில் தூணுக்கும் விட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. அது மூடாவிட்டால் மற்றதை மேலே ஏற்ற முடியாது.

"போல்ட் போட்டு முறுக்கிப்போடலாங்க பெரீம்மா. சுலுவு" என்றார் கான்ட்ராக்டர்.

"முறுக்கறதுக்கு இது என்ன மோட்டாருங்களா? கருவேலத்துல புதுசா செதுக்குன ஆணி இருக்குது. அடிங்க."

அடித்தார்கள். ஆணி உள்ளே போகப் போக, விட்டம் முனகிக்கொண்டே தூணோடு போய் ஒட்டியது. கான்ட்ராக்டர் நகத்தால் இடைவெளியைத் தேடிப் பார்த்தார். "அட, கடிச்சுப் புடிச்சுருச்சுங்களே!"

தையில் மகள் வருகிறாள். மாடியில் யார் படுப்பது என்று பேரப்பிள்ளைகள் இப்போதே சண்டை.

கழற்றிய பழைய ஆணிகள் எல்லாமே, இத்தனை வருடம் இழுத்துப் பிடித்ததில், வளைந்திருந்தன. அந்த மூலையில் இருந்ததைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். கோணலாக எதைக் கண்டாலும் நேராக்காமல் விடாதவள் நான்; உங்களுக்குத் தெரியும். இதை அப்படியே வைத்திருக்கிறேன்.