தூண்டில் பீரோவில் இருக்கிறது

மணி அப்பா,

செங்கோட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். சொதி அடுப்பு மேல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நீங்கள் கொடுத்துவிடுவதாகச் சொன்ன தூண்டிலை வாங்கிப்போகத் தில்லைநாயகம் அண்ணாச்சி பத்து மணிக்கு வருவார். காபி மட்டும் கொடுத்து அனுப்புங்கள். தூண்டிலைக் கழற்றித் துடைத்து, ரீலுக்கு எண்ணெய் போட்டு, பீரோவில் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்.

"தோளு போச்சு, தூரமா விழ மாட்டேங்கு, இனி இது எதுக்கு?" என்று நேற்று குளக்கரைச் சேற்றில் எறிந்தீர்கள். இருபது வருஷமாக அதைத் தரையில் வைக்காத மனுஷன்.

பட்டாளத்தில் இருந்தபோது, இமாச்சல் ஆற்றில் இக்கரையிலிருந்து தூண்டில் வீசி, அக்கரையில் துணி துவைத்த என் காலடியில், மீனுக்கு இரையாகக் கட்டிய இறகுப்பூச்சியை விழவைத்தவர்தானே நீங்கள்?

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு நானும் வருகிறேன். இப்போது நான் அக்கரையில் இல்லை. தூண்டில் பத்தடி போனால் போதும்.