இடது பக்கம்

சதுரங்கப்பட்டினம்
12 ஜனவரி 2025

அன்புள்ள ஜோஷ்வாவுக்கு ஸ்தோத்திரம்.

போனில் பேசினால் சீக்கிரமே நீங்களோ நானோ கத்துகிறோம். அதனால் எழுதுகிறேன். ஆபரேஷன் புண் ஆறிவிட்டது. கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாமல்லபுரத்தில் கவியா என்ற பெண் நடத்தும் களிமண் வகுப்புக்குப் போகிறேன். ஊரே கல்லைக் கொத்துகிறது, நாங்கள் நாலு பேர் மட்டும் மண்ணைப் பிசைகிறோம். சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறுபோல உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, விரலால் இழைத்து ஏற்ற வேண்டும். உள்ளே வெறும் கூடு.

என்னையே செய்கிறேன், இடுப்பிலிருந்து கழுத்துவரை. இப்போது இருக்கிறபடி, ஒரு மார்போடு. சிரிக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் என் இடது பக்கம் படுப்பதே இல்லை, பார்ப்பதும் இல்லை. லீவுக்கு வரும்போது இதையாவது பாருங்கள்.

உங்கள் ஜெபா

பாரதீப் துறைமுகம்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெபா,

சிரிக்கவில்லை. இந்த மாசக் கடைசிக்கு லீவு கிடைத்துவிட்டது. திருப்போரூரிலிருந்து அம்மா போன் பண்ணி, "இன்னாடா, உம் பொண்டாட்டி துணியில்லாத பொம்மை செஞ்சிகினு கீறாளாமே?" என்றாள். "உனக்கு இன்னா பேஜாரு அதுல?" என்று கேட்டுவிட்டேன். உனக்காகத்தான் பேசினேன்.

நான் பார்க்காதது அருவருப்பால் இல்லை. பார்த்தால் அழுதுவிடுவேன். நீ அதைத் தப்பாக எடுத்துக்கொள்வாய். மாத்திரையை விடாதே.

ஜோஷ்வா

பாரதீப் துறைமுகம்
9 மார்ச் 2025

ஜெபா,

நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. லீவில் நீ செக்கப்புக்குப் போன அன்று பட்டறைக்குப் போனேன். கவியா சாவியை ஜன்னலில் வைப்பாள் என்று நீதான் சொல்லியிருந்தாய். ஈரத்துணியை எடுத்துப் பார்த்தேன். நீயேதான், சாய்ந்த தோள்கூட. இடது பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கிருந்த மண்ணில் ஓர் உருண்டை எடுத்து ஒட்டி, தண்ணீர் தொட்டுத் தடவிவிட்டேன். நன்றாகத்தான் வந்தது. உன்னுடையதை உனக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. கோபப்படாதே.

ஜோஷ்வா

சதுரங்கப்பட்டினம்
30 மார்ச் 2025

ஜோஷ்வாவுக்கு,

உங்கள் கடிதம் வருமுன்பே பார்த்துவிட்டேன். கவியா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, யாரு இப்டி பண்ணது? உள்ள கெட்டியா கீது, சூளையில வெச்சா வெடிச்சி மொத்தமும் பூடும்" என்றாள். நான்தான் பிய்க்க வேண்டாம், காயட்டும் என்றேன். பாதி காய்ந்த மண்ணில் ஈரமண் அப்படியே பிடிக்காது. கீறி, மண்குழம்பு தடவித்தான் ஒட்ட வேண்டும். உங்களுக்கு அது தெரிய வழியில்லை. ஒரு வாரத்தில் தானாகக் கழன்று விழுந்தது.

விழுந்த இடத்தைச் சுற்றி உங்கள் விரல் தடவிய கோடுகள் இருந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் உங்கள் கை பட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் மண்ணில். கவியா அழிக்கப் போனாள். விடு என்றேன். கோடுகளோடேயே சூளைக்குப் போய், முழுசாக வந்துவிட்டது.

கோபம் இருக்கிறது. நீங்கள் எனக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. பொம்மை நம் அறையில், கட்டில் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த லீவில் என் இடது பக்கம் படுக்க முடியும் என்றால் வாருங்கள். முடியாது என்றால் நேராகத் திருப்போரூருக்கே, உங்கள் அம்மாவிடம் போய்விடுங்கள். சண்டை போட மாட்டேன்.

ஜெபா