வழுக்குப் பாறையில் யார் முன்னே

5-2-1978, ஞாயிறு

சரோஜாவைப் பிரசவத்துக்காகப் படவேட்டில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நான் வேலை பார்க்கும் இந்த மலையூருக்குப் பஸ் இல்லாததால் மலைப்பாதையில் நடந்தே இறங்கினோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொன்னன் கூட வந்தார். புளி மூட்டையோடு அந்தப் பாதையில் இறங்கிப் பழகியவர்.

அவள் பயத்தை மறக்கட்டும் என்று, நாளை ஆறாம் வகுப்புக்கு நடத்தவேண்டிய ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். சாய்வாக இறங்கினால் ஸ்லோப். நெட்டாக இறங்கினால் ஸ்டீப். நிலம் ஒரேயடியாக அற்றுப்போனால் கிளிஃப். எட்டிப் பார்த்தாலே தலை சுற்றினால் பிரசிபிஸ். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

வழுக்குப் பாறையில் நின்றுவிட்டாள். "இதுக்கு இன்னா பேருங்க?"

"ஸ்டீப்" என்றேன், பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்தபடி. அதுதான் காவல் என்று நினைப்பு.

பொன்னன் பெட்டியை இறக்கி வைத்தார். "பின்னாடி நின்னா ரெண்டு பேரும் சேர்ந்துதான் உருளுவீங்க சார். எறக்கத்துல தாங்குறவன் கீழ நிக்கணும். நீங்க முன்னாடி போங்க. அம்மா உங்க தோள புடிச்சிக்கினு வரட்டும்."

முன்னால் போனேன். முழுக் கனத்தையும் என் தோளில் வைத்து இறங்கினாள். வளைகாப்பு வளையல்கள் காதருகே குலுங்கின. சமதரை வந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

பாடக்குறிப்பு இன்னும் எழுதவில்லை. அவள் விரல்கள் அழுந்திய இடம் கன்றி வலிக்கிறது. அலமாரியில் தைலம் இருக்கிறது. தடவ மனம் வரவில்லை.